தாவும் காலில் யார் முதலில்?

வாலிபால் ஆடும் மைதானங்களில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் ஒரு முரண் இது. ஒருவர் நூறு கிலோ இரும்பைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழக்கூடியவர். இன்னொருவர் ஒல்லியானவர், அதில் பாதி எடைக்கே திணறுவார். ஆனால் வலையருகே எழும்பும்போது ஒல்லியானவரின் கைதான் ஒரு சாண் மேலே தெரிகிறது.

உடம்பு லேசானதுதான் காரணம் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். எடைக்குப் பங்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரே எடையுள்ள இருவரிடையிலும் இதே வேறுபாடு தென்படுவதுண்டு. மாதக்கணக்கில் தொடைக்கு மட்டும் கடுமையாகப் பயிற்சி எடுத்தவருக்குத் தூக்கும் எடை கூடிக்கொண்டே போகும், தாவும் உயரம் அதே வேகத்தில் கூடாது. சேர்ந்த வலிமை எங்கே போகிறது?

விடை தசையின் பருமனில் இல்லை. தரையிலிருந்து கால் விடுபடுவதற்கு முந்தைய ஒரு சிறு பொழுதில், எந்தத் தசை எப்போது இயங்குகிறது, தன் உழைப்பை எந்த மூட்டிடம் ஒப்படைக்கிறது என்பதில் இருக்கிறது. அந்தப் பொழுதைப் பிரித்துப் பார்ப்போம்.

ஒரு தாவலின் வரவு செலவு

60 கிலோ எடையுள்ள ஒரு பெண் நின்ற இடத்திலிருந்து நேராக மேலே தாவுகிறார் என்று கொள்வோம். அவருடைய எடை மையம், அதாவது உடலின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, நிற்கும்போது தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். கால்விரல் தரையை விட்டபின் அந்தப் புள்ளி 40 செ.மீ. உயர்கிறது. இது நல்ல தாவல்.

இந்த உயரத்தை எட்ட, விரல் தரையை விடும் கணத்தில் அவர் உடல் நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்க வேண்டும். விரல் எழும்பிய பிறகு எந்தத் தசையாலும் அந்த வேகத்தைக் கூட்ட முடியாது, உந்துவதற்குத் தரை இல்லை. ஆகவே எல்லா வேலையும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முழங்காலை மடக்கி எடை மையத்தை 40 செ.மீ. தாழ்த்தி, அங்கிருந்து ஒரே சீராக உந்தி எழுந்தால், அந்த உந்தல் நடக்கும் நேரம் சுமார் 0.29 நொடி. அவ்வளவு நேரமும் அவர் பாதம் தரையைத் தன் எடையைப் போல இருமடங்கு விசையோடு அழுத்த வேண்டும். சராசரித் திறன் 1,600 வாட்டுக்கும் மேல், அதாவது இரண்டு குதிரைத்திறனுக்கும் அதிகம். இதன் பெரும்பகுதியை இரண்டு கால்களின் தசைகளே தருகின்றன. கைகளை வீசினால் புறப்படும் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும், மிச்சமெல்லாம் கால்களின் பொறுப்பு.

மூன்றில் ஒரு நொடிகூட இல்லாத அந்த அவகாசத்தில் சற்றே தாமதித்து இயங்கும் தசையும், சற்றே முந்திக்கொள்ளும் தசையும் உயரத்தைக் குறைத்துவிடும்.

சுழற்சி நேர்க்கோடாக வேண்டும்

காலில் மூன்று பெரிய மூட்டுகள்: இடுப்பு, முழங்கால், கணுக்கால். இடுப்பை நீட்டுவது பிட்டத் தசை. முழங்காலை நீட்டுவது முன்தொடைத் தசைகள். கணுக்காலை நீட்டி, குதிகாலைத் தூக்கி, விரல்நுனியில் நிற்கவைப்பது கெண்டைக்கால் தசைகள்.

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. அது எலும்பை இழுக்கிறது, எலும்பு மூட்டைச் சுற்றித் திரும்புகிறது. தொடை சுழல்கிறது, கீழ்க்கால் சுழல்கிறது, பாதமும் சுழல்கிறது. காலில் நேர்க்கோட்டில் நகரும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் உடம்பு நேராக மேலே போக வேண்டும். சுழற்சிகளை நேர்க்கோட்டு எழுச்சியாக மாற்றுவதுதான் தாவலின் அடிப்படைச் சிக்கல். அது எத்தனை கடினம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும்.

இரண்டு பென்சில், ஒரு முழங்கால்

ஒரே நீளமுள்ள இரண்டு பென்சில்களை எடுத்து முனையோடு முனை சேர்த்து மேசைமேல் வையுங்கள். ஒன்று தொடை, மற்றொன்று கீழ்க்கால், சேரும் இடம் முழங்கால். முதலில் செங்கோணமாக, 90 பாகையில் வைத்து, மெல்ல நேராக்கிக்கொண்டே போங்கள். இரண்டு வெளிமுனைகளுக்கும், அதாவது இடுப்புக்கும் கணுக்காலுக்கும், உள்ள தூரம் எப்படிக் கூடுகிறது என்று கவனியுங்கள். முதலில் சட்டென்று விலகும் முனைகள், கடைசியில் அசைவதே தெரியாது.

இனி மனிதக் காலின் அளவில் பார்ப்போம். தொடை 40 செ.மீ., கீழ்க்கால் 40 செ.மீ. முழங்கால் 90 பாகையில் இருக்கும்போது இடுப்புக்கும் கணுக்காலுக்கும் இடையே 56.6 செ.மீ. அது 120 பாகைக்கு விரிந்தால் 69.3. 150 பாகையில் 77.3. முழுக்க நேரானால், 180 பாகையில், 80.

முதல் 30 பாகை விரிந்ததில் இடுப்பு 12.7 செ.மீ. எழுந்தது. அடுத்த 30 பாகையில் 8 செ.மீ. கடைசி 30 பாகையில் கிடைத்தது 2.7 செ.மீ. மட்டும். கடைசி 10 பாகையைத் தனியே பார்த்தால் 3 மில்லிமீட்டர்தான். முழங்கால் நேராகும் அளவுக்கு, அது சுழலும் சுழற்சி எழுச்சியாக மாறுவது குறைந்துகொண்டே போகிறது.

இதில் வேகத்தைச் சேர்த்தால் சிக்கல் இன்னும் துலக்கமாகும். இடுப்பு நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் எழ வேண்டும், அதை முழங்கால் தனியாகவே தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 120 பாகை நிலையில் முழங்கால் நொடிக்குச் சுமார் 800 பாகை வேகத்தில் விரிந்தால் போதும். 150 பாகையில் அது 1,550 ஆக வேண்டும். 170 பாகையில் 4,600. நல்ல தாவல்களில் அளந்து பார்த்தால் முழங்காலின் உச்ச வேகம் ஆயிரம் பாகையை ஒட்டியே நிற்கிறது. அதைத் தாண்டிப் போவது மூட்டுக்கும் ஆபத்து. அந்த வேகத்தில் நேராகும் முழங்கால் நேர்நிலையைக் கடந்து பின்புறம் வளைந்தால் தசைநார்கள் கிழியும். ஆகவே நேராகி முடியும் முன்பே உடல் அதைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

முழங்காலை மட்டும் நம்பித் தாவினால் என்ன ஆகும் என்பது இப்போது தெளிவு. கால் முழுதாக நீள்வதற்குள், முழங்கால் தரும் எழுச்சி வேகம் உடம்பின் வேகத்துக்குப் பின்தங்கிவிடும். ஏற்கெனவே மேலே போய்க்கொண்டிருக்கும் உடம்பு, இன்னும் மடங்கியிருக்கும் காலைத் தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். முன்தொடைத் தசையில் மிச்சம் இருக்கும் வலிமைக்குத் தரையைத் தொடும் வாய்ப்பே கிடைக்காது.

மேலிருந்து கீழாக ஒரு வரிசை

உடல் இதற்குக் கண்ட வழி, மூட்டுகளை ஒரே நேரத்தில் நீட்டாமல் வரிசையாக நீட்டுவது. தேர்ந்த வாலிபால் வீரர்களின் கால்களில் மின்முனைகளை ஒட்டி, தசைகளில் எழும் மின் குறிகளைப் பதிவுசெய்து, தரையில் பதித்த விசை அளவித் தட்டின்மேல் தாவச்செய்து பார்த்தார்கள் ஆம்ஸ்டர்டாம் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் மார்டன் பாபர்ட்டும் கெரிட் யான் ஃபான் இங்கன் ஸ்கெனாவும். 1988இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் வரிசை தெளிவாக இருந்தது. முதலில் பின்தொடைத் தசைகளும் பிட்டத் தசையும், அடுத்து முன்தொடைத் தசைகள், கடைசியில் கெண்டைக்கால் தசைகள். அதற்கேற்ப இடுப்பு முதலில் விரிகிறது, பிறகு முழங்கால், பிறகு கணுக்கால்.

இடுப்பு ஏன் முதலில்? உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடுப்புக்கு மேலே இருக்கிறது. முன்னே குனிந்திருக்கும் அந்தப் பாரத்தை நிமிர்த்தி வேகம் பெறச்செய்ய அதிக நேரம் பிடிக்கும், ஆகவே அது முந்த வேண்டும்.

கணுக்கால் ஏன் கடைசியில்? குதிகால் உயரக்கூடிய தூரம் மிகக் குறைவு, பத்து செ.மீ. அளவுதான். அதை உடம்பு இன்னும் மெதுவாக இருக்கும் தொடக்கத்திலேயே செலவழித்துவிட்டால், முழங்கால் கைவிடும் இறுதிக் கட்டத்துக்கு எதுவும் மிஞ்சாது. கடைசிவரை காத்திருந்தால், முழங்காலின் பங்கு தேயத் தொடங்கும் அதே வேளையில் கணுக்கால் பொறுப்பேற்றுக்கொள்ளும். பாதம் தரையில் இருக்கும் நேரமும் நீளும்.

இரண்டு மூட்டைக் கடக்கும் தசைகள்

கால் தசைகளில் சில ஒரே ஒரு மூட்டைக் கடக்கின்றன. சில இரண்டைக் கடக்கின்றன. அவற்றை இருமூட்டுத் தசைகள் என்போம். தாவலில் மூன்று முக்கியமானவை: இடுப்பையும் முழங்காலையும் முன்புறமாகக் கடக்கும் நேர்த்தொடைத் தசை, அதே இரண்டையும் பின்புறமாகக் கடக்கும் பின்தொடைத் தசைகள், முழங்காலையும் கணுக்காலையும் பின்புறமாகக் கடக்கும் மேல்கெண்டைத் தசை.

இவற்றின் விந்தையை நீங்களே தொட்டு உணரலாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையைத் தொடையின் மேலும் இன்னொரு கையைத் தொடைக்கு அடியிலும் வைத்துக்கொண்டு மெதுவாக எழுந்திருங்கள். இரண்டு பக்கமும் இறுகும். பின்தொடைத் தசை முழங்காலை மடக்கக்கூடியது. எழுந்திருக்கும்போதோ முழங்கால் விரிகிறது. எதிர்வேலை செய்யும் தசை இப்போது ஏன் இறுக வேண்டும்? அமெரிக்க உடலியல் அறிஞர் வாரன் லம்பார்டு 1903இல் இதை எழுதியதால் இன்றும் இது லம்பார்டு முரண் என்று அழைக்கப்படுகிறது.

நெம்புகோல் கணக்கில் அதற்கு விடை இருக்கிறது. பின்தொடைத் தசை இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து தள்ளி நின்று இழுக்கிறது, அங்கே அதன் பிடி வலுவானது. முழங்காலில் அதன் பிடி சிறியது. முன்புறத்து நேர்த்தொடைத் தசைக்கு இது தலைகீழ்: முழங்காலில் வலு, இடுப்பில் குறைவு. இரண்டும் சேர்ந்து இழுக்கும்போது இடுப்பில் பின்தசை வெல்கிறது, முழங்காலில் முன்தசை வெல்கிறது. முடிவில் இரண்டு மூட்டுகளும் நீள்கின்றன.

தாவலின் இறுதிக் கட்டத்தில் மேல்கெண்டைத் தசை செய்வது இதைவிட நுட்பமானது. அது முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பின் கீழ்முனையில் தொடங்கி, முழங்காலின் பின்புறமாக இறங்கி, குதிகால் நாண் வழியே குதி எலும்பில் முடிகிறது. முழங்கால் விரியும்போது அதன் மேல்முனை மேலே இழுபடுகிறது. அந்த நேரத்தில் தசை தளர்ந்திருந்தால் அது நீண்டுவிடும், வேறொன்றும் நடக்காது. இறுகியிருந்தால் அது நீளம் மாறாத கயிறாகிவிடுகிறது. கயிற்றின் மேல்முனையை முழங்கால் இழுக்க, கீழ்முனையில் கட்டியிருக்கும் குதிகால் மேலே எழும்புகிறது. முன்தொடைத் தசையின் வலிமை இப்படியாகக் கணுக்காலுக்கு வந்துசேர்கிறது.

இதில் உடலுக்கு மூன்று ஆதாயம். எழுச்சியாக மாற முடியாமல் வீணாகவிருந்த முழங்காலின் சுழற்சி, கணுக்காலில் பயன்படுகிறது. நேர்நிலையைத் தாண்டாமல் முழங்காலைப் பிடித்து நிறுத்தும் வேலையும் அதே இழுப்பில் முடிந்துவிடுகிறது. மூன்றாவது, தசையின் சொந்த இயல்பைச் சார்ந்தது. ஒரு தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவு குறைவாகத்தான் அதனால் இழுக்க முடியும். பிரிட்டனின் ஏ. வி. ஹில் 1938இல் தவளைத் தசையை வைத்து இந்த உறவை அளந்து காட்டினார். மேல்கெண்டைத் தசையைக் கணுக்கால் சுருக்குகிறது, முழங்கால் நீட்டுகிறது. இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடுவதால் தசை மெதுவாகவே சுருங்குகிறது, அதன் விசையும் குறையாமல் நிற்கிறது.

ஆனால் இந்தத் தசைக்கு அளவுக்கு மீறிய புகழைத் தந்துவிடக் கூடாது. 1991இல் மார்கஸ் பாண்டியும் ஃபெலிக்ஸ் ஸேஜக்கும் கணினியில் அமைத்த மனித மாதிரியில், தாவலுக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதி பிட்டத் தசையிலிருந்தும் முழங்காலை மட்டும் நீட்டும் முன்தொடைத் தசைகளிலிருந்துமே வந்தது. ஆம்ஸ்டர்டாம் குழு தன் மாதிரியில் மேல்கெண்டைத் தசையைக் கணுக்காலை மட்டும் கடக்கும்படி மாற்றியபோது உயரம் ஒரு செ.மீ. அளவில்தான் குறைந்தது. ஆற்றலை உண்டாக்குவது ஒருமூட்டுத் தசைகளின் வேலை. அதை மூட்டுகளுக்கிடையே பங்கிட்டுக் கொடுப்பதே இருமூட்டுத் தசைகளின் வேலை.

பனித்தளத்தில் கிடைத்த பாடம்

ஃபான் இங்கன் ஸ்கெனாவ் தாவலை ஆராய்ந்த அதே காலத்தில் பனிச்சறுக்கு விரைவோட்டத்தையும் ஆராய்ந்துவந்தார். நெதர்லாந்தில் அது மக்கள் நெஞ்சுக்கு மிக நெருங்கிய விளையாட்டு. இரண்டையும் ஒப்பிட்டபோது ஒரு குறை அவர் கண்ணில் பட்டது. பழைய சறுக்குக் காலணியில் அலகு முழுவதும் காலணியோடு இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். வீரர் கணுக்காலை நீட்டினால் அலகின் முன்முனை பனியில் குத்தி வேகத்தைக் கெடுக்கும். ஆகவே கணுக்காலை நீட்டாமல் உந்துவதற்கே வீரர்கள் பழகியிருந்தார்கள். வரிசையின் கடைசி ஆளுக்கு அங்கே வேலையே இல்லை. முழங்காலும் முழுதாக நீளும் முன்பே கால் பனியை விட்டுவிடும். மேலே பென்சில்களில் பார்த்த அதே இழப்பு.

அவரும் உடன்பணியாற்றியவர்களும் 1980களில் உருவாக்கிய காலணியில், முன்பாதத்துக்கு அடியில் மட்டும் ஒரு கீல் இருந்தது. குதிகால் எழும்பினாலும் அலகு பனியில் படிந்தே இருக்கும். உந்தல் முடிந்ததும் ஒரு வில் அலகைத் திரும்பக் காலணியோடு சேர்க்கும். முன்னணி வீரர்கள் பல ஆண்டுகள் இதை ஏற்கத் தயங்கினார்கள். 1994-95 பருவத்தில் நெதர்லாந்தின் இளம் வீரர்கள் சிலர் அணிந்து ஓடி, மற்ற இளையோரைவிடத் தெளிவாக அதிக முன்னேற்றம் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை முழுக்க மாறியது. 1998 பிப்ரவரியில் ஜப்பானின் நாகானோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தக் கீல் காலணியோடு ஓடிய நெதர்லாந்தின் கியானி ரொம்மே 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் உலக சாதனை படைத்தார். அதே ஆண்டில் ஃபான் இங்கன் ஸ்கெனாவ் காலமானார். அந்த வெற்றிகளில் அவருடைய ஆய்வுக்கு மறுக்க முடியாத பங்கு உண்டு.

மேலே போகும் முன் ஏன் கீழே?

வரிசையைப் போலவே முக்கியமானது தொடக்கம். தாவும் முன் எல்லோரும் தன்னிச்சையாக ஒரு நொடி தாழ்ந்து எழுகிறோம். மடக்கிய நிலையில் அசையாமல் சற்று நேரம் நின்று, அங்கிருந்து தாவிப் பாருங்கள், உயரம் சில செ.மீ. குறையும். தாழும்போது நாண்கள் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கின்றன, அதுதான் காரணம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பாபர்ட் குழு 1996இல் தந்த விளக்கம் வேறு. மூளையிலிருந்து கட்டளை வந்ததும் தசை உடனே முழு விசையை எட்டிவிடுவதில்லை, அதற்கு அவகாசம் வேண்டும். நம் கணக்கில் உந்தலுக்கே 0.29 நொடிதான். அசையாத நிலையிலிருந்து தாவுபவர் அதன் முதற்பகுதியை அரைகுறை விசையோடு கடக்கிறார். தாழ்ந்து எழுபவருக்கோ, கீழே வரும் உடம்பைத் தடுத்து நிறுத்தும்போதே தசைகள் இறுகிவிடுகின்றன. மேலே திரும்பும் முதல் கணத்திலேயே விசை தயார்.

வலிமை கூடியது, உயரம் குறைந்தது

முன்னே கேட்ட கேள்விக்கு இப்போது நேராக விடை சொல்லலாம். 1994இல் பாபர்ட்டும் ஃபான் சூஸ்டும் கணினியில் ஒரு மனித மாதிரியை அமைத்தார்கள். எந்தத் தசை எந்தக் கணத்தில் இயங்கினால் மிக அதிக உயரம் கிடைக்கும் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். பிறகு தசைகளின் வலிமையை மட்டும் கூட்டினார்கள், இயங்கும் நேரங்களில் கைவைக்கவில்லை. உயரம் கூடவில்லை, குறைந்தது.

காரணம் நாம் பார்த்த வரிசைதான். வலுத்த தசை மூட்டை முன்னைவிட விரைவாக விரிக்கிறது. முழங்கால் சீக்கிரமே தன் பயனற்ற எல்லைக்கு வந்துவிடுகிறது. கெண்டைக்கால் தசைகளோ பழைய நேரத்துக்காகக் காத்திருக்கின்றன. ஒப்படைப்பு தவறுகிறது, கால் தரையை முன்கூட்டியே விட்டுவிடுகிறது. பின்னர் புதிய வலிமைக்கு ஏற்ற நேரங்களை மாதிரி மறுபடி தேடிக்கொள்ள விட்டார்கள். இம்முறை உயரம் முன்பைவிடக் கூடியது.

மைதானத்துக்கு இதன் பொருள் மிக நேரடியானது. வலிமைப் பயிற்சி வீண் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம், ஆற்றலைத் தருவது தசைதான். ஆனால் எடை தூக்கும் மாதங்களில் தாவுவதை நிறுத்திவைத்து, வலிமை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிடும் பயிற்சியாளர், தசைக்குச் சொல்லித்தந்துவிட்டு நரம்புக்குச் சொல்லித்தர மறந்துவிடுகிறார். இரண்டும் ஒரே வாரத்திலேயே சேர்ந்து நடக்க வேண்டும். முழு முயற்சியோடு, ஆட்டத்தில் தாவும் அதே வேகத்தில், களைப்பு ஏறும் முன்பே சில தாவல்கள். தசை வலுக்க வலுக்க நேரங்கள் தாமாகத் திருத்தப்படும்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஆட வருபவர்களுக்கு இது இன்னும் அவசியம். தொடையின் சுற்றளவும் அது தூக்கும் எடையும் பழைய நிலைக்கு வந்துவிட்டாலும் காலின் வரிசை திரும்பிவிட்டதாக அர்த்தம் இல்லை. அதனால்தான் வலிமையை அளப்பதோடு, ஒற்றைக் காலில் குதிக்கச்செய்து இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளையும் மருத்துவர்கள் கேட்கிறார்கள். ஆட்டத்துக்கு அவசரப்படும் இளைஞருக்கு அந்தச் சோதனை தேவையற்ற தடையாகத் தோன்றலாம். அந்தக் கால் தாவத் திரும்பவும் கற்றுக்கொண்டுவிட்டதா என்பதை எடைக் கருவி சொல்லாது, குதித்துக் காட்டினால்தான் தெரியும்.